கூடத்தில் ஒரு செங்கோல்

எந்தப் படத்தைப் பார்ப்பது? எந்தத் தொடரைப் பார்ப்பது? இதற்குமா ஒரு கட்டுரை என்று எள்ளி நகைப்போர் இருப்பர். நாட்டிலே விலைவாசி ஏறுகிறது. படித்த இளைஞர் வேலையின்றி அலைகின்றனர். சாதியின் பெயரால் பெற்ற மகளையே கொல்லும் கொடுமை இன்னும் ஓய்ந்தபாடில்லை. இத்தனைக்கும் நடுவிலே, வீட்டுக் கூடத்தில் எந்தப் படம் ஓடவேண்டும் என்பதுதானா அறநெறிக் கேள்வி என்று அவர்கள் கேட்பர். கேட்கட்டும்! கேள்வி கேட்பதை வரவேற்பவர்கள் நாம்.

ஆட்சி என்றால் கோட்டையிலே கொலுவிருப்பது, கொடிக்கம்பத்திலே பறப்பது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஒருவர் விருப்பம் மற்றவருக்கு விதியாகும் இடமெல்லாம் ஆட்சி நடக்கும் இடந்தான். பெட்டி ஒன்று, பார்ப்போர் ஐவர், ரிமோட் என்னும் அந்தச் சாண் அளவுக் கருவி ஒருவர் கையில். அவர் கட்டைவிரல் அசைந்தால் காட்சி மாறுகிறது. மற்ற நால்வரும் அந்த மாற்றத்துக்குக் கட்டுப்பட்டு அமர்ந்திருக்கின்றனர். முடியில்லை, அரியணை இல்லை. செங்கோல் மட்டும் இருக்கிறது. அதை அவரிடம் கொடுத்தது யார்? எந்த உரிமையின்பேரில் கொடுத்தனர்? நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வி எழுவதற்கே நம் நாட்டில் நெடுநாள் ஆயிற்று. சென்னையிலே தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். அந்நாளில் எதைப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலையம் ஒன்று, அது காட்டியதே காட்சி. பார்க்க வாய்ப்புள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பதே அன்றைய பிரச்சினை. கூரைமேல் ஆன்டெனா நட்ட வீடு தெருவுக்கு ஒன்றிருந்தால் அதிகம். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' தொடங்குமுன் அந்த வீட்டு வாசலிலே செருப்புகள் குவியும் என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொல்லும் இன்னொன்றையும் கேட்டிருக்கிறோம். நாற்காலி வீட்டாருக்கு; தரை அண்டை அயலாருக்கு; சன்னல் கம்பி, கூலிவேலை செய்வோர் வீட்டுச் சிறுவருக்கு! மழை பெய்தால் தரையில் இருப்போர் நெருங்கி அமர்வர். சன்னலில் நின்ற சிறுவன் நனைவான். பாட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற இடத்தில்தான் அத்தனை வேற்றுமை!

பிறகு வந்தது 'டெக்' காலம். பொங்கலோ, காதணி விழாவோ, பூப்பு நீராட்டோ நடந்தால் தெருவே பணம் திரட்டி, வண்ணப் பெட்டியையும் டெக்கையும் நான்கைந்து கேசட்டுகளையும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்துவரும். எந்தெந்தப் படம் என்று முடிவு செய்ய, பிற்பகலிலேயே திண்ணையில் வாதம் தொடங்கிவிடுமாம். பாட்டிமாருக்கு ஒரு பக்திப் படம், நடுத்தர வயதினருக்கு எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி, இளைஞருக்குப் புதுப்படம் என்று பங்கீடு செய்து, சண்டையையும் ஒருவாறு தீர்த்துக்கொள்வர். மூன்றாவது படம் முடியும்போது கோழி கூவும். விழித்திருப்பவன் கேசட் மாற்ற வந்த பையன் ஒருவன் மட்டுமே. ஆனாலும் அந்தத் திண்ணை வாதத்திலே ஒரு நேர்மை இருந்தது. பணம் கொடுத்தவர் மட்டுமே தேர்ந்தெடுப்பர் என்று விதியில்லை. முதியோருக்கும் பங்கு, இளையோருக்கும் பங்கு. (பெண்களைக் கேட்டார்களா என்று நாம் வினவியபோது, சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் பேச்சை மாற்றிவிட்டார்!)

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அதைத் தொடர்ந்து அலைவரிசைகள் பெருகின. 2006இல் தமிழ்நாட்டரசு, பெட்டி இல்லாத வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சியை விலையின்றி வழங்கத் தொடங்கியது. அதை ஏளனம் செய்தோர் உண்டு. சோற்றுக்கில்லாதவனுக்குப் பெட்டி எதற்கு என்று சொல்லாடினோர் உண்டு. அவர்களில் எவரும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்டவர் அல்லர் என்பது நம் எண்ணம். சன்னலில் நின்றவன் தன் வீட்டுக் கூடத்திலே கால் நீட்டி அமர்ந்தான். நாற்காலிக்கும் தரைக்கும் சன்னலுக்கும் இருந்த வேற்றுமை தெருவைவிட்டு அகன்றது.

அகன்று எங்கே போயிற்று? வீட்டுக்குள்ளே போயிற்று!

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், செங்கோலுக்கு உரிமை கொண்டாடுகிறார். அவர் காட்டும் காரணங்களைப் பார்ப்போம். "மாதக் கட்டணம் கட்டுவது நான்" என்பது முதற் காரணம். அப்படியானால் அரிசி வாங்குபவர் மட்டுமே உண்ணவேண்டும். கூலியின்றிச் சமைப்பவர் பட்டினி கிடக்கவேண்டும். இந்த வாதத்துக்கு இதற்குமேல் மறுமொழி வீண். "வயதில் மூத்தவன் நான்" என்பது அடுத்த காரணம். மூப்பு மதிப்புக்குரியது, மூப்பே அறிவாகிவிடுமென்றால் பள்ளிக்கூடங்களை மூடிவிடலாம், ஆசிரியர் வேலையும் மிச்சம்!

மூன்றாவது காரணம் அவ்வளவு எளிதாகத் தள்ளக் கூடியதன்று. "எது நல்ல படம் என்று எனக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது" என்பது அது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் படித்த மகன். கல்லூரியிலே பட்டம் பெற்றவன். உலகத் திரைப்படங்களின் பெயர்களை அடுக்கக் கூடியவன். மாலையில் அன்னை பார்க்கும் தொடரைக் கண்டு முகம் சுளித்து, "இந்தக் குப்பையை எப்படித்தான் பார்க்கிறீர்களோ" என்று கூறிக் கருவியைக் கையில் எடுப்பவன். பட்டம் பெற்ற கூட்டத்தில் நாமும் உண்டு என்பதால், இந்த உரிமைக் கோரிக்கையைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

ஆங்கில நாட்டறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1861இல் எழுதிய நூலொன்றிலே இன்பங்களை எடை போடுகிறார். இன்பங்களுக்குள் அளவு வேற்றுமை மட்டுமின்றித் தர வேற்றுமையும் உண்டு என்பது அவர் முடிவு. உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்று தீர்ப்பளிக்கத் தகுதி பெற்றவர் யார்? இரண்டையும் துய்த்து அறிந்தவரே நடுவர் என்கிறார் மில். நம் பட்டதாரி மகன் பெரும்பாலும் மில்லைத் துணைக்கு அழைப்பான். அழைக்கட்டும். ஆனால், மில் வைத்த அளவுகோலால் முதலில் அவனையே அளந்து பார்ப்போம். அவன் அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறானா? தொடக்கம் முதல் வேண்டா. ஒரு வாரம் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறானா? இல்லை. கடந்து போகும்போது அழுகுரல் காதில் விழுந்தது, அவ்வளவே. இரண்டையும் அறிந்தவனே நடுவன் என்றால், இவன் நடுவனல்லன், வழிப்போக்கன்!

2002இல் சன் தொலைக்காட்சியிலே தொடங்கிய 'மெட்டி ஒலி'யை எடுத்துக்கொள்வோம். தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்து மணமுடித்துக் கொடுக்கும் தந்தை ஒருவர், புகுந்த வீடுகளிலே அப்பெண்கள் படும் பாடு, இதுவே கதை. அதைப் பார்த்துக் கண்ணீர் விட்ட பெண்களை நகையாடினர் ஆடவர். அக்கண்ணீர் அறியாமையால் வந்ததா? மாமியார் வீட்டின் வாயில்படியை மிதித்தவளுக்குத்தான் அங்கு நடப்பது தெரியும். தன் வாழ்வைப் பற்றிப் பேச வேறு மேடையே இல்லாதவளுக்கு, அந்த அரைமணி நேரம், தன் துயரைப் பிறர் துயராகக் கண்டு ஆறும் வாய்ப்பாக இருந்தது. மகனுடைய உலகத் திரைப்படங்களில் எத்தனை, அவளைப் பற்றி அவள் மொழியிலே பேசியிருக்கின்றன?

இதனால் தொடர்கள் அனைத்தும் தூயவை என்று நாம் சாதிக்க வரவில்லை. ஒரு பெண்ணை வஞ்சகியாக்கி, மற்றொரு பெண்ணைப் பொறுமையின் பொம்மையாக்கி, இருவரையும் ஆண்டுக்கணக்கில் மோதவிட்டுக் காசு பார்க்கும் கதைகள் ஏராளம். அடித்த கணவனுக்காக நோன்பிருக்கும் மனைவியைக் கற்பின் கொழுந்து என்று காட்டும் கதைகளும் உண்டு. அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டிப்பதற்கும் ஓர் இடம் உண்டு: அன்னையின் அருகிலே, பாயிலே. கூட அமர்ந்து பார்த்துவிட்டு, "இந்த மருமகள் ஏன் அம்மா வாயே திறப்பதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். நம் ஏடுகளின் தலையங்கங்களில் காணக் கிடைக்காத விடை வரும். கருவியைப் பறித்தவனுக்கு அந்த விடை கிடைக்காது. வாயடைத்தவளைப் பற்றிய கதையை நிறுத்துவதற்காக, பார்த்துக்கொண்டிருந்தவளின் வாயையும் அடைத்தவன் அவன்!

'பெண்ணடிமை' குறித்து 1869இல் வெளியிட்ட நூலிலே அதே மில், குடும்பம் என்பது கொடுங்கோன்மையைப் பயிற்றும் பள்ளியாக இருக்கிறது, நேர்மையாக அமைந்தால் உரிமை வாழ்வைப் பயிற்றும் பள்ளியாகவும் அதுவே ஆகும் என்னும் கருத்தை வைத்துள்ளார். இன்பங்களின் தரத்தைப் பேச அவரை அழைப்பவர்கள் இந்த நூலையும் புரட்டியிருக்கலாம்.

இனிக் குழந்தைகளைப் பற்றிப் பேசுவோம். ஏழு வயதுச் சிறுவனையும் பெரியோரையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா என்பர். முடியாது. குழந்தைக்குச் சொல்லும் கதை அதன் உள்ளத்திலே பதிந்து உருவமாகிவிடும் என்று அஞ்சித்தான் பிளேட்டோ, தம் 'குடியரசு' நூலிலே தாய்மாரும் செவிலியரும் எந்தக் கதைகளைச் சொல்லலாம் என்பதைக் கூட நாட்டை அமைப்போர் வகுக்கவேண்டும் என்றார். அவர் தந்த மருந்து கசப்பானது. ஆனால் அவர் கண்ட நோய் பொய்யன்று. நம் நாட்டிலும் 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கை இருக்கிறது. இணையவழி இல்லத்துக்கு வரும் படங்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் 7, 13, 16 என்று வயதுப் படிகளை வகுத்தன. 2023இல் திருத்தப்பட்ட சட்டம் திரையரங்குப் படங்களுக்கும் அதே படிகளைக் கொண்டுவந்தது. படத்தின் முகப்பிலே எண் தெரிகிறது; பெற்றோர் பூட்டுப் போட்டுக்கொள்ளவும் வழியுண்டு. நல்லதுதான்.

ஆனால், தோழர்களே, நம் வீடுகளிலே அந்தக் கருவியை நோக்கிக் கை எப்போது பாய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? திரையிலே காதலர் இருவர் முத்தமிட நெருங்கினால் பாய்கிறது. அப்பா செருமுவார், அம்மா அடுப்பில் ஏதோ தீய்கிறதென எழுவார், அலைவரிசை மாறும். சரி. அதே திரையிலே கணவன் மனைவியை அறைகிறானே, அப்போது? கை அசைவதில்லை. விருப்பமில்லை என்று விலகிச் செல்லும் பெண்ணைக் கதாநாயகன் தெருத்தெருவாகத் துரத்திப் பாடுகிறானே, அப்போது? கை தாளம் போடுகிறது! கறுத்த பெண் ஒருத்தியை நகைச்சுவை நடிகர் கேலி செய்கிறார். கூடமே குலுங்கிச் சிரிக்கிறது. அதே நிறமுடைய நம் வீட்டுச் சிறுமியும் மற்றவரோடு சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொள்கிறாள். இவை எல்லாவற்றுக்கும் 'அனைவரும் காணத்தக்கது' என்ற சான்றிதழ் கிடைத்திருக்கும். வயதுப் படிகள் குருதியை எண்ணும், உடலை எண்ணும், வசைச் சொல்லை எண்ணும்; இகழ்ச்சியை எண்ணும் கருவி இன்னும் எவரிடமும் இல்லை. விருப்பத்தோடு இருவர் கொடுத்துக்கொள்ளும் முத்தம் பிள்ளையைக் கெடுத்துவிடும், விருப்பமின்றி ஒருத்திமேல் விழும் அறை கெடுக்காது என்பது எந்த அறநூலில் எழுதியிருக்கிறது?

குழந்தைமீது பெற்றோர்க்கு ஆட்சியுரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது நாள்தோறும் சிறுக்கவேண்டிய ஆட்சி. ஐந்து வயதிலே 'வேண்டா' என்ற ஒரு சொல் போதும். பத்து வயதிலே காரணமும் சேர்த்துச் சொல்லவேண்டும். பதினாறு வயதிலே அந்தக் காரணத்தை மகள் மறுத்துப் பேசவும் இடம் தரவேண்டும். அவளுக்குப் பதினெட்டு நிறைந்து வாக்குச்சீட்டு கையில் வரும்போது, நாட்டை ஆளத் தக்கவரைத் தேர்ந்தெடு என்கிறோம். அதுவரை ஒரு படத்தைக்கூடத் தானாகத் தேர்ந்தெடுத்து அறியாதவள், அன்று மட்டும் எங்கிருந்து கொண்டுவருவாள் அந்தத் திறனை?

இன்னும் கடினமான கேள்வி ஒன்றிருக்கிறது; அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நமக்கு அழகன்று. நமக்கு உடன்பாடற்ற படத்தை நம் வீட்டுக் கூடத்தில் ஓடவிடலாமா? 1987இல் எடுக்கப்பட்ட 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம் இடஒதுக்கீட்டைக் குறைகூறியது. உயர்த்தப்பட்ட சாதியிலே பிறந்த பெண்ணொருத்தி, போலிச் சாதிச் சான்றிதழ் பெற்றுப் பதவிக்கு வருவதாகக் கதை. சென்னை உயர்நீதிமன்றம் அதன் சான்றிதழை நீக்கியது. 1989இல் உச்சநீதிமன்றம் அதை மீண்டும் வழங்கித் தீர்ப்பளித்தது. எதிர்ப்புக் கிளம்பும் என்ற அச்சத்தைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை அடக்கக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அப்படத்தின் கருத்து பிழையானது என்பதே நம் நிலை, அதில் ஐயமில்லை. எனினும் நம் மாணவன் ஒருவன் அதைப் பார்க்க விரும்பினால் நாம் தடுக்கமாட்டோம். அருகிலிருந்து பார்ப்போம், படம் முடிந்ததும், அது சொல்லாமல் விட்டதைச் சொல்வோம். 1921 முதல் இம்மாகாணத்தில் பிறந்த வகுப்புரிமை ஆணைகளைச் சொல்வோம். அவற்றை நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியதையும், 1951இல் அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்ததையும் சொல்வோம். கேட்டபின் அவன் எண்ணட்டும். நம் கொள்கை ஒரு படத்தைத் தாங்காது என்றால், அக்கொள்கையைப் பிடித்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான், 'ஜெய் பீம்' ஓடும் கூடத்திலே எழுந்து நின்று "இந்தச் சாதிப் படமெல்லாம் நம் வீட்டிலே வேண்டா" என்று அணைக்கும் தந்தையையும் நாம் கேட்க முடியும். 2021ஆம் ஆண்டு நவம்பரில் அந்தப் படம் திரையரங்குக்குப் போகாமல் நேரே வீடுகளுக்கே வந்தது. காவல்நிலையத்தில் பழங்குடி மக்கள் பட்ட வதையைப் பேசிய படம் அது. அதை அணைத்த தந்தையிடம் நாம் கேட்பது ஒன்றே: ஐயா, படத்தில் பொய் எது? பொய் இருந்தால் பிள்ளைகள்முன் எடுத்துக் காட்டுங்கள். பொய் இல்லையென்றால், அணைத்தது எதை?

இப்போது புதியதோர் அரசன் கூடத்திலே நுழைந்திருக்கிறான். அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. செங்கோலை எவரிடமிருந்தும் பறிப்பதில்லை. கையில் வைத்திருப்பவரின் விரலையே மெல்ல நகர்த்துகிறான்! 2016 சனவரியில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. வேறு பல தளங்களும் கடை விரித்தன. திறந்தவுடன் 'உங்களுக்காக' என்று ஒரு வரிசை நிற்கிறது. யார் தொகுத்தது? எந்தக் கணக்கில்? அந்நிறுவனம் 2006இலேயே, பார்வையாளரின் விருப்பத்தை முன்கூட்டியே கணிக்கும் முறையைப் பத்து விழுக்காடு செம்மைப்படுத்துவோருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று உலகுக்கு அறிவித்தது. 2009இல் பரிசையும் வழங்கியது. நம் விருப்பத்தைக் கணிக்க அத்தனை பணம்! அந்தக் கணிப்பு நடக்கும் வழி விந்தையானதன்று. நேற்று நீ என்ன பார்த்தாய், அதைப் பார்த்த பிறர் அடுத்து என்ன பார்த்தனர், ஆகவே நாளை நீ பார்க்கப் போவது இது! அவ்வளவுதான்.

இதை எங்கோ கேட்டதுபோல் இல்லையா? முற்பிறப்பில் செய்தது இப்பிறப்பில் வந்து வாய்க்கும். அவரவர் கூட்டத்துக்கு விதித்தது அவரவர்க்கு. இந்த முன்வினைக் கதையைத்தானே நூற்றாண்டுகளாக நம் மக்கள் தலையிலே கட்டினர்! அதை எதிர்த்துப் பேசிப் பேசித் தொண்டை வறண்டவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று கூடத்திலே சாய்ந்துகொண்டு, நேற்றைய வினை இன்று காட்டும் பட்டியலைக் கைகூப்பி ஏற்றுக்கொள்கின்றனர். பொறியைக் குறைகூறவில்லை நாம். ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே வழி தெரியாமல் நிற்பவனுக்கு அது கைகாட்டி மரமாக உதவலாம். ஆனால், கைகாட்டி மரம் நம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினால்? ஒரு பகுதி முடிந்ததும், வேண்டுமா என்று கேளாமல் அடுத்த பகுதி தானே தொடங்குகிறது. எங்களுக்குப் போட்டி மக்களின் உறக்கம்தான் என்று அந்நிறுவனத் தலைவரே 2017இல் பேசியிருக்கிறார். பாராட்டத்தக்க வெளிப்படை! தானே தொடங்கும் அந்த ஏற்பாட்டை அமைப்புகளுக்குள் சென்று நிறுத்திவைக்க வழியும் உண்டு. எத்தனை வீடுகளில் நிறுத்தியிருக்கின்றனர் என்று விசாரித்துப் பாருங்கள்.

இத்தனைத் தொல்லை எதற்கு, ஆளுக்கொரு கைபேசி இருக்கிறதே, அவரவர் விரும்பியதை அவரவர் பார்த்துவிட்டுப் போகட்டும் என்போரும் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. தன் எண்ணத்தை வெளியில் சொன்னால் அடி விழும் என்ற வீட்டிலே வாழும் பெண்ணுக்கு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மூலையிலே தனியே பார்க்கும் படம் சிறைச் சன்னல் வழியே தெரியும் வானம். அதை அவளிடமிருந்து எடுக்க நமக்கு மனம் வராது. ஆனால் ஐந்து பேர் ஐந்து மூலைகளிலே ஐந்து திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டிலே, அறை விழும் காட்சியில் சிரிப்பவனைப் பார்த்து "ஏன் சிரிக்கிறாய்?" என்று கேட்க யார் இருக்கிறார்? ஒன்றாய்ப் பார்ப்பதிலே சண்டை இருக்கும். அந்தச் சண்டைதான் வேண்டியது.

நம்மிடம் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவரை ஒரு நாள் கேட்டோம்: உங்கள் வீட்டில் ரிமோட் யாரிடம் இருக்கும்? அப்பாவிடம் என்றனர் பலர். அண்ணனிடம், தாத்தாவிடம் என்றனர் சிலர். "அப்பா வரும்வரை எங்களிடம்" என்றான் ஒருவன், வகுப்பு சிரித்தது. அம்மா என்ன செய்வார் என்றதற்கு ஒரு மாணவி சொன்னாள்: "அம்மா அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாங்க சார்." பார்த்துக்கொண்டு இருப்பதாக அவள் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு என்றாள். கருவி யார் கையில் என்று இதுவரை ஆராய்ந்துகொண்டிருந்தோமே, அந்த ஆராய்ச்சி முழுவதும் கூடத்தில் அமர்ந்திருப்போரைப் பற்றியதாகவே இருந்துவிட்டது. அமரவே நேரமில்லாதவருக்கு எந்த அலைவரிசை என்றால் என்ன?

2021 சனவரியிலே 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்ற மலையாளப் படம் இணையவழியே வந்தது. 2023இல் தமிழிலும் எடுத்தனர். அரிந்து, அரைத்து, சமைத்து, பரிமாறி, எச்சில் எடுத்து, துலக்கி, துடைத்து, மீண்டும் அரிந்து என்று ஒரு மருமகளின் நாள்கள் கழிவதை அப்படியே காட்டிய படம். ஆடவர் பலர் அதை மனமாரப் பாராட்டினர்; மறுக்கவில்லை. விடுமுறை நாளிலே கூடத்தில் அமர்ந்து அதைப் பார்த்து உருகியபோது, அவர்கள் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கொண்டுவந்து வைத்தது யார்? அவர் அப்படத்தை முழுதாகப் பார்த்தாரா?

நாம் அறிந்த இல்லம் ஒன்றிலே சென்ற ஆண்டு முதல் ஒரு வழக்கம். ஞாயிறு மாலைகளில் இரவுச் சமையலை எல்லாரும் சேர்ந்து ஆறு மணிக்குள் முடித்துவிடுகின்றனர். பாத்திரம் துலக்குவது முறை வைத்து. தாத்தாவுக்கும் முறை உண்டு. கடைசி ஆள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமரும்வரை படம் தொடங்குவதில்லை. எந்தப் படம் என்று சொல்வதும் வாரத்துக்கு ஒருவர். மற்றவர்கள் எழுந்து போகாமல் கடைசிவரை பார்த்தாகவேண்டும். பார்த்தபின் எப்படி வேண்டுமானாலும் பேசலாம். தாத்தா தம் முறையில் பழைய பக்திப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மனைவியின் கற்பைச் சோதிக்கப் புறப்படும் கடவுள், கணவனைச் சோதிக்காதது ஏன் என்று பேத்தி கேட்டுத் துளைத்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே நழுவினார். பேரன் தேர்ந்தெடுத்த கொரிய நாட்டுப் படம் பாட்டிக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு அந்த வீட்டு அன்னையின் முறை வந்தது.

"எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே தெரியலையே" என்றாராம் அவர். வயது நாற்பத்தைந்து. தம் முறையை மகளுக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்த முறை வந்தபோதும் விட்டுக்கொடுத்தார். மூன்றாம் முறையிலேதான் ஒரு படத்தின் பெயரைச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்குமுன் வந்த படம். அதைத்தான் எத்தனையோ தடவை போட்டார்களே என்றனர் பிள்ளைகள். ஆமாம், வசனமெல்லாம் மனப்பாடம், அந்தப் பெண்ணின் முகம் எப்படியிருக்கும் என்று பார்க்கவேண்டும் என்றார்.